நோட்டில் தமிழ், சட்டத்தில் நாலு பெட்டி: மொரீஷியஸ் அரசியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸ் போய்விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டுவார்கள். "பாருங்க, தமிழ்ல எழுதியிருக்கு." இருக்கிறது, பொய்யில்லை. ஆங்கிலத்துக்கு அடுத்த வரி தமிழ், அதற்குக் கீழேதான் இந்தி. உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்ப அங்க ஆளறது நம்மாளா?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பல பேருக்குப் பல தடவை விளக்கிச் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது தனி நாடா? இல்லை பிரான்ஸுக்கோ பிரிட்டனுக்கோ சொந்தமான தீவா?

தனி நாடு. பக்கத்தில் இருக்கிற ரியூனியன் இன்னும் பிரான்ஸோடு இருக்கிறது, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மொரீஷியஸ் 1968 மார்ச் 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதன்பிறகும் 24 வருடம் எலிசபெத் ராணிதான் நாட்டின் தலைவர். 1992-ல் அதே மார்ச் 12 அன்று குடியரசு ஆனார்கள். பரப்பு ஏறக்குறைய 2,040 சதுர கிலோமீட்டர், நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மக்கள் தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல். பெரிய தீவு தவிர ரோட்ரிக்ஸ், அகலேகா, செயின்ட் பிராண்டன் என்று தூரத்தில் சிதறிக் கிடக்கிற தீவுகளும் இந்த நாட்டில்தான் சேரும்.

விடுதலையை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். 1967 ஆகஸ்டில் நடந்த தேர்தல்தான் கிட்டத்தட்ட வாக்கெடுப்பு மாதிரி ஆனது, அதில் நூற்றுக்கு 44 பேர் விடுதலை வேண்டாம் என்ற கட்சிக்குப் போட்டார்கள். இந்துப் பெரும்பான்மையிடம் ஆட்சி போய்விடும் என்ற பயம். 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியில் கலவரம் வெடித்து, அடக்க பிரிட்டிஷ் துருப்புகள் வந்தன. விடுதலை விழாவுக்கு வரவேண்டிய இளவரசி அலெக்ஸாண்ட்ரா பயணத்தையே ரத்து செய்தார். இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற விசித்திரங்களில் பாதி இதிலிருந்து முளைத்தவைதான்.

அதிகாரம் யார் கையில்? ஜனாதிபதியா, பிரதமரா?

பிரதமர். அதில் சந்தேகமே இல்லை. நம் ஊர் முறைதான், லண்டனிலிருந்து வந்த அதே அச்சு. சபையில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவரை ஜனாதிபதி பிரதமராக நியமிப்பார். சபையைக் கலைப்பது, தேர்தல் தேதி குறிப்பது எல்லாம் பிரதமர் சொல்படிதான். மேலவை கிடையாது, ஒரே ஒரு தேசிய சபை, ஐந்து வருடம். ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமர் பெயர் சொல்ல, சபை சாதாரணப் பெரும்பான்மையில் ஆமாம் சொல்லும்.

எதிர்க்கட்சித் தலைவர் என்பதும் அங்கே சும்மா ஒரு மரியாதைப் பட்டம் இல்லை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிற பதவி. சபை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் கூடும். தொடக்கத்திலேயே எதிர்க்கட்சித் தலைவர் ஒரு அமைச்சரைப் பிடித்து அரை மணி நேரம் உலுக்கலாம். அதற்கு பி.என்.கியூ. (பிரைவேட் நோட்டீஸ் க்வெஸ்சன்) என்று பெயர், பத்திரிகைகள் அன்றைக்கு அதைத்தான் முதலில் பார்க்கும்.

அப்படியானால் ஜனாதிபதி வெறும் பொம்மைதானா?

கிட்டத்தட்ட. ஆனால் 2002 பிப்ரவரியை மறந்துவிட்டு இதைச் சொல்லக்கூடாது.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உலகமெல்லாம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் போட்ட நேரம். மொரீஷியஸ் அரசும் ஒன்று கொண்டுவந்தது, சபை நிறைவேற்றியது, கையெழுத்துக்காக ஜனாதிபதி காஸம் உத்தீமிடம் போனது. சட்டப்படி அவர் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் போட்டுத்தான் ஆகவேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? போடவும் மாட்டேன், சட்டத்தை மீறவும் மாட்டேன் என்று பதவியை விட்டே போய்விட்டார். துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியார் தற்காலிக ஜனாதிபதி ஆனார். பெயரைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், தமிழ் வம்சாவளி. அவரும் போட மாட்டேன் என்று இறங்கிவிட்டார். அடுத்து வரிசையில் இருந்தவர் தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை. அவரும் தமிழ் வம்சாவளிதான். அவர் கையெழுத்துப் போட்டார், சட்டம் ஆனது. சில நாட்களுக்குள் மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள்.

இதில் யார் செய்தது சரி என்று இன்றும் வாதாடலாம். என் கருத்தைக் கேட்டால், அதிகாரமே இல்லாத பதவியை இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்தியதில்லை.

இன்னொரு ஜனாதிபதி விலகியது வேறு கதை. அமீனா குரிப் ஃபகீம், விஞ்ஞானி, 2015-ல் வந்த முதல் பெண் ஜனாதிபதி. ஒரு அறக்கட்டளை கொடுத்த கிரெடிட் கார்டில் சொந்தப் பொருட்கள் வாங்கினார் என்ற சர்ச்சையில் 2018-ல் விலகினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தவறு எதுவும் செய்யவில்லை என்பது அவர் பக்க வாதம். அடுத்தவர் வரும்வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் தற்காலிக ஜனாதிபதியாக இருந்தவர் பரமசிவம் பிள்ளை வையாபுரி. குடியரசின் முதல் ஜனாதிபதி வீராசாமி ரிங்காடுவும் தமிழ் வம்சாவளிதான். ஆக, "நம்மாள்" ஜனாதிபதி மாளிகை வரை போயிருக்கிறார். பிரதமர் நாற்காலிக்குப் போனதில்லை.

ஓட்டு எப்படிப் போடுகிறார்கள்?

பெரிய தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றிலும் மூன்று பேர் ஜெயிப்பார்கள். ரோட்ரிக்ஸ் ஒரு தொகுதி, இரண்டு பேர். மொத்தம் 62.

இயந்திரம் இல்லை, காகிதம். ஒரு தொகுதியில் சில சமயம் ஐம்பது அறுபது வேட்பாளர் நிற்பார்கள், அத்தனை பெயரும் அகர வரிசையில் ஒரே தாளில். அதில் மூன்று பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடவேண்டும். இரண்டு போட்டாலும் செல்லாது, நாலு போட்டாலும் செல்லாது, சரியாக மூன்று. மூன்றும் ஒரே கட்சிக்குப் போகவேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் பெரும்பாலோர் அப்படித்தான் போடுவார்கள். பெயரைப் படித்துக்கொண்டிருக்க முடியாதே, சின்னத்தைத் தேடுவார்கள்: தொழிற்கட்சிக்குச் சாவி, எம்.எம்.எம். கட்சிக்கு இதயம், எம்.எஸ்.எம். கட்சிக்குச் சூரியன், பி.எம்.எஸ்.டி.க்குச் சேவல். ஆமாம், சூரியன். தி.மு.க.வுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் சுவரொட்டியைப் பார்க்கிற தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு நிமிடம் தலை சுற்றும்.

இத்தனை பெயரில் மூன்று மூன்றாக எண்ண நேரம் ஆகும் என்பதால் ஓட்டு ஒரு நாள், எண்ணிக்கை மறுநாள். தொகுதிகளின் அளவுதான் அநியாயம்: பெரிய தொகுதியில் வாக்காளர் சின்னதைப்போல் மூன்று மடங்கு, ஆனால் இரண்டுக்கும் அதே மூன்று இடம்.

அறுபதுக்குப் பூஜ்யம் என்று தேர்தல் முடிவு வந்ததாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம், அதுவும் ஒரு தடவை இல்லை. 1982, 1995, 2024 என்று மூன்று தடவை பெரிய தீவின் 60 இடத்தையும் ஒரே கூட்டணி அள்ளியிருக்கிறது. கள்ள ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றும் ஒரே கட்சிக்கு என்று மக்கள் போடுகிற பழக்கம், கூடவே முதலில் வந்தவருக்கே இடம் என்கிற விதி, இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் வரும். 2024-ல் ஜெயித்த கூட்டணிக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு. இடமோ முழுசாக அறுபது. அதற்கு முந்தைய 2019 தேர்தலில் ஆளும் கூட்டணி 37 சதவிகித ஓட்டை வைத்தே 62-ல் 38 இடம் பிடித்தது.

2024-ல் அலை ஏன் அடித்தது என்றால் விலைவாசி, சலிப்பு என்று வழக்கமான காரணங்கள் உண்டு, ஆனால் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு வெடித்தது ஒட்டுக்கேட்பு விவகாரம். மீசைக்கார ஐயா என்கிற அர்த்தத்தில் "மிஸ்யே முஸ்தாஸ்" என்ற பெயரில் யாரோ ஒருவர் அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள், பத்திரிகையாளர்களின் தொலைபேசி உரையாடல்களை இணையத்தில் வெளியிட்டுக்கொண்டே இருந்தார். அரசு என்ன செய்தது? தேர்தல் முடியும்வரை சமூக வலைதளங்களையே முடக்க உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்ப, ஒரு நாள் போலத் தாக்குப்பிடித்துவிட்டு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் பூஜ்யம் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

எல்லா இடமும் ஒருவருக்கே போனால் எதிர்க்கட்சி என்று யார் உட்காருவார்கள்?

இங்கேதான் "பெஸ்ட் லூசர்" வருகிறார். தோற்றவர்களில் முதலாவது ஆள். கிண்டல் இல்லை, அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற ஏற்பாடு, பேச்சுவழக்கில் அதற்கு இந்தப் பெயர்தான்.

வேட்புமனு போடும்போதே வேட்பாளர் தான் எந்தச் சமூகம் என்று எழுதவேண்டும். நாலு பெட்டிதான்: இந்து, முஸ்லிம், சீனர், அப்புறம் "பொது மக்கள்". கடைசிப் பெட்டிக்குச் சட்டம் தருகிற விளக்கம் அழகு: வாழும் முறையைப் பார்த்தால் முதல் மூன்றில் எதிலும் சேராதவர் யாரோ, அவர். ஆப்பிரிக்க வம்சாவளி கிரியோல் மீனவரும் பிரெஞ்சு வம்சாவளி சர்க்கரை ஆலை முதலாளியும் ஒரே பெட்டி. தேர்தல் முடிந்ததும், எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைகிறதோ அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவரைக் கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள். இப்படி அதிகபட்சம் எட்டு. முதல் நாலு சமூகச் சமநிலைக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. அடுத்த நாலு, முதல் நாலால் மாறிப்போன கட்சிச் சமநிலையைச் சரிக்கட்ட. 2019-ல் எட்டும் நிரம்பி சபையில் 70 பேர். 2024-ல் நாலே பேர் வந்தார்கள், 66. அந்த நாலு பேரில் ஒருவரான ஜோ லெஜோங்கார் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தொகுதியில் தோற்றவர்!

எந்தச் சமூகத்துக்குக் குறைகிறது என்று எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்?

வகுத்தல் கணக்கு. சமூகத்தின் ஆள்தொகையை எடுத்து, அதற்குக் கிடைத்த இடங்களோடு ஒன்று கூட்டி வகுக்கவேண்டும். யாருக்கு ஈவு பெரிதோ அவருக்கு இடம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஜெயித்த 62 பேரில் 39 இந்து, 15 பொது, 8 முஸ்லிம், சீனர் யாருமில்லை என்று வையுங்கள். இந்துக்கள் 4,28,167-ஐ 40-ஆல் வகுத்தால் 10,704. பொது மக்கள் 2,36,867-ஐ 16-ஆல் வகுத்தால் 14,804. முஸ்லிம்கள் 1,37,081-ஐ 9-ஆல் வகுத்தால் 15,231. சீனர்கள் 24,084-ஐ ஒன்றால் வகுத்தால் அதே 24,084. ஆக முதல் இடம் சீனருக்கு. இப்போது அவர்களுக்கு ஒன்று வந்துவிட்டதால் அவர்கள் எண் பாதியாகிவிடும், அடுத்தது முஸ்லிமுக்கு, அதற்கடுத்தது பொதுப் பெட்டிக்கு, இப்படியே போகும்.

இந்த மக்கள் தொகை எண்கள் எந்த வருடத்தவை என்று கேளுங்கள். 1972! அதற்குப் பிறகு எடுத்த கணக்கெடுப்புகளில் சமூகம் என்ன என்று கேட்பதையே நிறுத்திவிட்டார்கள், 1982-ல் சட்டத்தையும் அதற்கேற்ப மாற்றி 1972 எண்களிலேயே நிறுத்திவைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இல்லை, ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் இடம் பிரித்துக் கொடுப்பது அவர்கள்தான்.

இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்தார்கள்?

விடுதலைக்கு முன் சிறுபான்மையினர் பயந்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? அவர்களுக்கு ஏதாவது உத்தரவாதம் வேண்டும். 1966-ல் பிரிட்டன் ஒரு கமிஷன் போட்டது, அதன் யோசனை உள்ளூர்க் கட்சிகளுக்குப் பிடிக்கவில்லை. ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் அமைச்சர் நேரில் வந்து எல்லோரிடமும் பேசி இந்த எட்டு இடச் சமரசத்தை முடித்துவைத்தார். இதே ஸ்டோன்ஹவுஸ்தான் 1974-ல் மியாமி கடற்கரையில் உடைகளை விட்டுவிட்டு, கடலில் செத்துப்போன மாதிரி நடித்து, ஆஸ்திரேலியாவில் வேறு பெயரில் வாழ்ந்து மாட்டிக்கொண்டார். அவரே தன் வாழ்க்கையில் சொந்த அடையாளத்தை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். அவர் முடித்துக்கொடுத்த ஏற்பாட்டில் மொரீஷியஸ் வேட்பாளரால் பெட்டியை மாற்ற முடியவில்லை.

நான் எந்தப் பெட்டியும் இல்லை என்று ஒரு வேட்பாளர் சொல்லமுடியாதா?

சொல்லிப் பார்த்தார்கள். 2005-லிருந்து ஒரு இடதுசாரி இயக்கம் இதற்காகவே கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்கிறது. ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 1972-ன் எண்ணை வைத்துக்கொண்டு வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது சரியில்லை என்று 2012-ல் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு திருத்தம் வந்தது, சொல்லாமலும் நிற்கலாம் என்று. 2019-ல் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், எழுதாதவர்களின் மனு தள்ளுபடி.

முழுக்க மாற்ற முயற்சி செய்யாமல் இல்லை. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையில் 2002-ல் ஒரு அறிக்கை, விகிதாசார இடம் சேர்க்கலாம் என்று. 2018-ல் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது, நாலில் மூன்று பங்கு ஆதரவு தேறாமல் கைவிட்டது. காரணம் எளிது: எல்லோரும் இது வெட்கக்கேடு என்பார்கள், ஆனால் எடுத்துவிட்டால் அடுத்த தேர்தலில் யாருக்கு எத்தனை போகும் என்பது யாருக்கும் தெரியாது. பயத்துக்குக் கட்டிய கட்டடம். பயம் குறைந்திருக்கலாம், கட்டடத்தை இடிக்கிற தைரியம் வரவில்லை.

சரி, தமிழர்கள் எந்தப் பெட்டி?

இந்து. தெலுங்கர், மராத்தியரும் அதே பெட்டி. போஜ்புரி பேசியவர்களின் வழிவந்த பெரும்பான்மையோடு சேர்த்து ஒரே எண். இதில் தமிழ் அமைப்புகளுக்கு ரொம்ப நாள் மனக்குறை, ஏனென்றால் பெட்டிக்குள் தமிழர் ஒருவர்கூட ஜெயிக்காவிட்டாலும் "இந்து" கணக்கு நிறைந்துவிடும், பெஸ்ட் லூசர் கதவு திறக்காது. நடைமுறையில் கட்சிகளே பார்த்துக்கொள்கின்றன. வேட்பாளர் பட்டியல் போடும்போது இந்தத் தொகுதிக்கு ஒரு தமிழர், இங்கே ஒரு முஸ்லிம், அங்கே ஒரு கிரியோல் என்று தராசில் நிறுத்துப் போடுவார்கள். அதற்கு அங்கே "கொம்யூனலிஸ்ம் சியான்டிஃபிக்" என்றே பெயர், விஞ்ஞான முறைப்படி செய்யப்படும் இனவாதம். அதற்குள்ளே சாதியும் உண்டு. வைஷ் பிரிவினர்தான் பிரதமர் ஆகமுடியும் என்பது எழுதாத சட்டம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். கடல் தாண்டினால் சாதி போகும் என்று நம்புகிறவர்கள் ஒரு தேர்தல் காலத்தில் அங்கே போய்ப் பார்க்கலாம்.

அந்த நோட்டு விஷயம்? தமிழ் ஏன் இந்திக்கு மேலே?

தமிழர்கள் முதலில் வந்தவர்கள் என்பதுதான் சொல்லப்படுகிற காரணம். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் போனார்கள். கரும்புக்காட்டு ஒப்பந்தக் கூலிகள் லட்சக்கணக்கில் வந்தது 1834-க்குப் பிறகு. 1998-ல் புது நோட்டு வரிசை அடித்தபோது இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு வரி இடம் மாறியதற்கு அத்தனை எதிர்ப்பு. அரசு பணிந்தது, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தார்கள். அரசியல் சட்டத்தில் தனிப்பெட்டி இல்லாதவர்களுக்கு நோட்டில் இருக்கிற ஒரு வரி எவ்வளவு பெரியது என்பது அப்போது தெரிந்தது. தைப்பூசக் காவடிக்கும் அங்கே தேசிய விடுமுறை உண்டு.

இரண்டே குடும்பம்தான் ஆள்கிறதாமே?

பட்டியலைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். சிவசாகர் ராம்கூலம் 1982 வரை. அனிருத் ஜக்நாத் 1995 வரை. சிவசாகரின் மகன் நவீன் ராம்கூலம் 2000 வரை. மறுபடி அனிருத். நடுவில் 2003 முதல் 2005 வரை பால் பெராஞ்சே. மறுபடி நவீன், 2014 வரை. மறுபடி அனிருத், 84 வயதில். 2017 ஜனவரியில் அவர் விலகி, தேர்தலே இல்லாமல் மகன் பிரவிந்திடம் நாற்காலியைக் கொடுத்தார். அப்பா பிள்ளை ஏற்பாடு என்று எதிர்க்கட்சிகள் கத்தின, ஆனால் சபையில் பெரும்பான்மை இருந்ததால் சட்டப்படி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் மறுபடி நவீன்.

பெராஞ்சே மட்டும்தான் விதிவிலக்கு, இந்து அல்லாத ஒரே பிரதமர். அவரும் நேரடியாக மக்கள் பிரதமர் வேட்பாளராக வந்து ஜெயிக்கவில்லை. 2000-ல் அனிருத்தோடு ஒப்பந்தம்: மூன்று வருடம் நீ, இரண்டு வருடம் நான். ஆச்சரியம் என்னவென்றால் அந்த ஒப்பந்தத்தை அப்படியே காப்பாற்றினார்கள், அனிருத் இறங்கி ஜனாதிபதி ஆனார். கூட்டணிகள் அங்கே சட்டை மாற்றுகிற மாதிரி மாறும். ராம்கூலம், ஜக்நாத், பெராஞ்சே மூன்று தரப்பும் ஒவ்வொருவரோடும் சேர்ந்தும் பிரிந்தும் ஆயிற்று, யாரும் வெட்கப்படுவதில்லை.

தேர்தலுக்குப் பணம், பிரியாணி எல்லாம் உண்டா?

பிரியாணி உண்டு, கூட்டத்துக்கு பஸ் உண்டு. ஆனால் மாட்டிக்கொண்டால் நிஜமாகவே பதவி போகும். 2005-ல் எட்டாம் எண் தொகுதியில் ஜெயித்தவர் அஷோக் ஜக்நாத், அனிருத்தின் தம்பி. அவர் அப்போது அமைச்சர். தேர்தல் நேரத்தில் முஸ்லிம்களின் கபர்ஸ்தானுக்கு நிலம் சேர்ப்பதாக ஏற்பாடு செய்தார், சுகாதாரத் துறையில் ஆள் எடுத்தார், இரண்டும் லஞ்சம்தான் என்று தோற்றவர் வழக்குப் போட்டார். உள்ளூர் கோர்ட் ஆமாம் என்றது, 2008-ல் லண்டனும் ஆமாம் என்றது, பதவி போயிற்று. 2009 இடைத்தேர்தலில் அவரே மறுபடி நின்றார், எதிரே நின்று தோற்கடித்தவர் அண்ணன் மகன் பிரவிந்த். கல்யாண வீட்டில் இவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

லண்டனா? விடுதலை வாங்கிய நாட்டுக்கு லண்டனில் என்ன கோர்ட்?

பிரிவி கவுன்சில். குடியரசான பிறகும் கடைசி மேல்முறையீடு அங்கேதான். கேட்டால், இது சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், தூரத்து நீதிபதி இருப்பது நல்லது என்பார்கள். மேலே படித்த அண்ணன் தம்பி கதைக்குப் பிறகு அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டமும் கலப்படம்தான்: சொத்து, குடும்ப விவகாரம் எல்லாம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தின் வழி, குற்ற வழக்கு நடைமுறையும் ஆட்சிமுறையும் ஆங்கிலேயர் வழி. 1810-ல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களின் சட்டம், பழக்கவழக்கம், மதம் எதிலும் கைவைக்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்ததன் விளைவு.

சபையில் எந்த மொழி?

ஆட்சி மொழி ஆங்கிலம், பிரெஞ்சிலும் பேசலாம் என்று சட்டம். வெளியே வந்ததும் எல்லோரும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான், தேர்தல் மேடை முழுக்க கிரியோல்தான். வேட்பாளருக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிந்திருக்கவேண்டும். பார்வையின்மையாலோ வேறு உடல் காரணத்தாலோ படிக்க முடியாதவருக்கு மட்டும் படிப்பதிலிருந்து விலக்கு.

ராணுவம் இருக்கிறதா?

இல்லை. போலீஸ், அதற்குள்ளேயே ஒரு சிறப்புப் படை, கடலோரக் காவல். அவ்வளவுதான்.

ரோட்ரிக்ஸ் தனி மாநிலமா?

மாநிலம் இல்லை, தன்னாட்சி. கிழக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற தீவு, பெரும்பாலும் கத்தோலிக்க கிரியோல்கள், 1967-ல் விடுதலைக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள். 2001 சட்டத்தில் தனி வட்டார சபை கிடைத்தது, அதன் தலைவர் சீஃப் கமிஷனர். பெரிய தீவு அலை அங்கே அடிக்காது, அவர்களுக்கு அவர்கள் கட்சிதான்.

சாகோஸ் விவகாரம் என்ன?

விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965-ல், பிரிட்டன் அதுவரை மொரீஷியஸோடு சேர்ந்திருந்த சாகோஸ் தீவுகளைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. அங்கிருந்த மக்களை வெளியேற்றிவிட்டு அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. அப்படிப் பிரித்தது சட்டப்படி சரியில்லை என்று 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: தீவுகள் மொரீஷியஸுக்கு, தளம் மட்டும் 99 வருட குத்தகைக்கு. இதைப் பற்றித் தனியாக ஒரு பக்கமே எழுதலாம். தங்கள் தலைக்கு மேலே பேரம் நடந்தது என்று சாகோஸ் மக்களிலேயே பலர் கோபமாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா?

நம் ஊர் மாதிரியேதான். ஐந்து நகராட்சி, அதற்கு வெளியே மாவட்ட, கிராம சபைகள். 2015-ல் நகராட்சித் தேர்தல் நடந்தது, அப்புறம் தள்ளி, தள்ளி, தள்ளி, 2025 மே மாதம்தான் அடுத்தது. ஒரு நல்ல விஷயம், உள்ளாட்சியில் ஒரு கட்சியின் வேட்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினம் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தேசிய சபைக்கு அது கிடையாது, அங்கே பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் காரணம் புரியும்.

நான் இந்தியக் குடிமகன், அங்கே வேலை பார்க்கிறேன். நான் ஓட்டுப் போடமுடியுமா?

எதிர்பாராத பதில்: முடியும். காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்து, 18 வயது நிரம்பி, தொடர்ந்து இரண்டு வருடம் அங்கே வசித்திருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று அரசியல் சட்டம் 42-ம் பிரிவு சொல்கிறது. இலங்கைக்காரருக்கும் மலேசியருக்கும் இதுவேதான். வாக்காளர் எந்தப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை, அது வேட்பாளர் தலைவலி. உள்ளே போனதும் மூன்று பெயருக்கு எதிரே பெருக்கல் குறி. இரண்டு பேரைத்தான் பிடித்திருக்கிறது என்றாலும் மூன்றாவது ஒருவரைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.